வியாழக்கிழமை மேசை

கதிரையில் குந்துவதற்கே இரண்டு யூரோ. மெனு மட்டையை விரித்ததும் வதனியின் கண் போய் விழுந்தது அங்கேதான். மீனில் இல்லை, இறாலில் இல்லை, ஆக அடியில் எறும்பு ஊர்ந்தமாதிரி இருந்த சின்ன எழுத்தில், கொப்பேர்த்தோ, ஆளுக்கு இரண்டு யூரோ. மேசையில் விரித்த கடுதாசிக்கும் முள்ளுக்கரண்டிக்கும் கேளாமலே கொண்டுவந்து வைக்கிற பாணுக்கும் இந்த இத்தாலியில் எடுக்கிற காசு அது. சாப்பிட்டாலும் எடுப்பார்கள், சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் எடுப்பார்கள். பலெர்மோவுக்கு வந்து நாலு வருசத்தில் இப்படி ஒரு கடையில் கதிரை இழுத்துக் குந்தியது இதுதான் முதல்தரம், அதுவும் சாப்பிட என்று வரவில்லை, புருசன் வருகிறாரோ என்று பார்க்க வந்தவள். மொந்தெல்லோக் கடற்கரையின் வளைவில் நீலச் சீலைப் பந்தல் போட்ட சாப்பாட்டுக் கடை, அதன் உள்மூலையில், ஐஸ்கட்டிக்குமேல் மீன்களை அடுக்கிவைத்திருக்கிற பெட்டிக்குப் பின்னால் ஒரு குட்டி மேசை. பக்கத்தில் தள்ளுவண்டிலில் மூன்று வயது ஆரபி வாயைத் திறந்தபடி நித்திரை. இந்தப் பெட்டி மறைப்பால் வாசலும் தெரியும், கடலைப் பார்த்த யன்னலும் தெரியும், அங்கிருந்து பார்க்கிறவருக்கு இவள் தெரியமாட்டாள். கள்ளன் பொலிஸ் விளையாட்டுமாதிரி இருக்கு என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முள்ளில் மாட்டி அப்படியே நின்றது. மணி பன்னிரண்டு ஐம்பது. கைப்பையில் இருபது யூரோத் தாள் ஒன்று, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வைத்தது.

போன கிழமை சலவைக்குப் போடுவதற்கு முன் குணசீலனின் சேட்டுப் பையைத் தடவியபோதுதான் அந்தச் சின்னப் பில் வந்தது. எல்லாப் பெண்டுகளும் தடவுகிறதுதான், கடுதாசி நனைந்து உடுப்பெல்லாம் பஞ்சாய் ஒட்டிவிட்டால் அவரா எடுக்கப்போகிறார். கொப்பேர்த்தோ ஒன்று, சாளை மீன் போட்ட பாஸ்தா ஒன்று, தண்ணீர் அரைப் போத்தல் ஒன்று. தலைப்பில் கடைப் பேர். மொந்தெல்லோ. திகதி வியாழக்கிழமை, நேரம் ஒன்று நாற்பத்தேழு. அவள் முதலில் நிம்மதிப்பட்டாள் என்பதை இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. ஒன்று. ஆள் ஒன்று. இரண்டு என்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தலையில் கைவைத்துக் குந்தியிருப்பாள். கடவுளே ஒன்றுதான் என்று சொல்லி பில்லை மேசையில் வைத்துவிட்டு, கிழவருக்கு யாரோ வாங்கிக் கொடுக்கச் சொன்னதாக்கும் என்று தேங்காய் திருவப் போனாள். கிழவர் என்றால் குணசீலன் பராமரிக்கிற அப்புக்காத்தர், ஒருகாலத்தில் கோட்டில் வாதாடினவர், இப்போது கரண்டியைப் பிடித்தால் கை நடுங்கும். வியாழக்கிழமைகளில் மட்டும் அந்த வீட்டில் இரவு எட்டு மணிவரை நிற்கவேணும், மேலதிகக் காசும் கிடையாது, விட்டுக்கொடுக்காவிட்டால் வேலை போய்விடும் என்று இரண்டு வருசமாக அவர் சொல்லி வந்தார். அவளும் அந்தக் கிழவரின் மகளை வியாழனுக்கு வியாழன் வெங்காயம் அரியும்போது திட்டிக்கொண்டே அரிந்தாள், கண்ணீருக்கும் அதுதான் சாட்டு. ஞாயிற்றுக்கிழமை, தமிழ் வகுப்புக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன இடத்தில், சாந்தமலர் அக்கா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், “உன்ர மனுசன் வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில நிண்டு என்னடி செய்யிறவர், என்ர ஆள் குறட்டைதான்.” வதனி விளங்காமல் பார்க்க, “எடியே, வீட்டு வேலை செய்யிற எல்லாருக்கும் வியாழக்கிழமை அரைநாள் லீவெல்லோ, இத்தாலிக்காரன்ர வழக்கமே அதுதான், உனக்குத் தெரியாதே?” என்றாள் அக்கா. தெரியாது. வதனி வீட்டு வேலைக்காரி இல்லை, காலையில் இரண்டு மாடிக் கட்டடங்களின் படி கழுவுகிறவள், படிகளுக்கு வியாழக்கிழமையும் இல்லை வெள்ளிக்கிழமையும் இல்லை. “தெரியும் அக்கா, இவருக்கு அங்க கொஞ்சம் கூட வேலை” என்று சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்பு வகுப்பு முடியும்வரை முகத்தில் காய்ந்துபோய்க் கிடந்தது. பாவம் கிழவரின் மகள். ஆரபிக்குக் குளிர்கோட்டு அனுப்பினவள். எத்தனை வெங்காயம்.

“சாப்பாடு என்ன சொல்லுவம் சிஞ்ஞோரா?” கடைக்காரி என்சா வந்து நின்றாள், அறுபது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி, காதில் பென்சில். வாசலில் வெளியூர்க்காரருக்கென்று படம்போட்ட பெரிய பலகையில் சாளை பாஸ்தா பதினாறு யூரோ என்று இருந்தது, உள்ளே கரும்பலகையில் சோக்கால் எழுதியது ஒன்பதரை. வதனி கரும்பலகையைக் காட்டினாள். “அந்த விலையெண்டால் ஒண்டு.” என்சா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். “நீ இந்த ஊர்ப்பிள்ளைதான். கப்பல்ல வாறவைக்குத்தான் அந்தப் பலகை, பதினாறைக் குடுத்திட்டுப் படமும் பிடிச்சுக்கொண்டு போவினம்.” தள்ளுவண்டிலைக் குனிந்து பார்த்து, கன்னத்தைத் தொடப்போய், தொடாமல் விட்டாள். “ஏன் இந்த மூலைக்குள்ள? யன்னலடிக்கு வாவன், கடல் தெரியும். ஆ, இல்லை, இண்டைக்கு வியாழன். அது ஜீனோவின்ர மேசை.” வதனியின் கை தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டது. “உங்கட ஆள்தான், தமிழ். தெரியுமே? இரண்டு வருசமா வியாழன் தவறாமல் வாறவன். நல்ல மனிசன், என்ர புருசனோட கதைச்சால் சிரிப்பால வயிறு நோகும். வரேக்க ஒரு டப்பா கொண்டுவருவான், மாவும் தேங்காய்ப்பூவும் அவிச்ச சாமான், எங்கட கூஸ்கூஸ்மாதிரி, என்ர மனுசன் சீனி தூவி முழுக்கத் திண்டிடுவார். தானே விடிய எழும்பி அவிக்கிறதாம்.” வதனி விடிய நாலே முக்காலுக்கு எழும்பியவள். “பாவம்,” என்சா குரலைத் தாழ்த்தினாள், “இஞ்ச அவனுக்கு ஒருத்தரும் இல்லை. தனி ஆள். நீ அறிவியோ அவனை?” இல்லை என்றாள் வதனி. எனக்குத் தெரியாது. சொல்லி முடித்தபின்தான் தெரிந்தது, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, பல்லில் ஒட்டிய பாக்குத்தூளைத் துப்பினமாதிரி.

சொன்னவரா, சொல்லாமல் விட்டவரா? இந்த ஒரு கேள்வியில் வதனியின் மனம் பழைய ரெக்கோட்டில் ஊசி மாட்டியமாதிரி அதே இடத்தில் சுற்றியது. தனி ஆள் என்று அவர் வாயால் சொன்னாரா, இல்லாவிட்டால் தனிய வந்து தனியச் சாப்பிட்டுத் தனியப் போகிறவரைப் பார்த்து இந்த மனிசி தானாக நினைத்துக்கொண்டாளா? தானாக நினைத்திருந்தால் ஒரு மாதிரி. சொல்லியிருந்தால் வேறு மாதிரி. ஆனால் புட்டைச் சொன்னாரே, தானே அவிச்சதென்று, புட்டை அவிச்ச கையை இல்லையென்று சொன்னவர் அந்தக் கைக்குச் சொந்தக்காரியை மட்டும் உண்டென்று சொல்லியிருப்பாரா? வியாழக்கிழமை மட்டும் சாப்பாட்டுப் பெட்டி கழுவி வரும். மற்ற நாளில் சம்பல் காய்ந்து ஒட்டி நாறிக்கொண்டு வருகிற பெட்டி, வியாழனில் மட்டும் எலுமிச்சைச் சவர்க்கார வாசத்தோடு. இவருக்கும் இடைக்கிடை பொறுப்பு வருகிறது என்று அவள் சந்தோசப்பட்டிருக்கிறாள், அதைத் தொலைபேசியில் தங்கச்சிக்குச் சொல்லியும் இருக்கிறாள், சனியனே. அவள் வந்த முதல் கோடையில் இதே கடைவரிசையைக் காட்டி, ஒருநாளைக்குக் குந்திச் சாப்பிடுவமேப்பா என்று கேட்டதற்கு, “இஞ்சயோ? தலைக்கு எண்பது யூரோ உரிப்பாங்கள், மனிசர் சாப்பிடேலுமே” என்றவர். அவள் உடனே விட்டாள். விசயத்தை விளங்கி நடக்கிற பெண் என்று மாமியாரே சொல்வார். மணலில் சீலையை விரித்து அவித்த முட்டையும் பாணும் எடுத்துக் கொடுத்தாள், முட்டைக்கு மிளகு உப்புத் தூவினாள், கடற்காற்றில் பாதி உப்பு எங்கேயோ போனது, சிரித்தார்கள், அவர் சிரித்தாரா? நினைவில் அவருடைய முகம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. ஒன்பதரை. எண்பது இல்லை, ஒன்பதரை. பல்லாரோச் சந்தையில் சாளை கிலோ மூன்றரைக்கு வாங்கி அவள் வைக்கிற குழம்பை ஐந்து நிமிசத்தில், ஒரு கையில் போன், விழுங்கிவிட்டு எழும்புவார். எப்படி என்று கேட்டால், “நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சாப்பாட்டில பெரிய ஆசை ஒண்டும் இல்லையெண்டு தெரியும்தானே.” தெரியும். அதைத் தெரிந்துதான் அவள் ஒரு குடும்பத்தையே கட்டினாள், ஆசையில்லாத மனிசனுக்கு ஆசையில்லாத வீடு. பாயாசத்தில் முந்திரிகை வத்தல், அந்தக் காய்ந்த திராட்சை, போட்டால் விரலால் தேடித்தேடி எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைப்பார், அதனால் அவள் போடுவதை விட்டாள், ஆரபிக்கும் முந்திரிகை வத்தல் இல்லாத பாயாசம்தான் பாயாசம். ஒரு பெண் இருந்திருந்தால் நல்லது. இப்படி நினைத்ததும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் உண்மை. ஒருத்தி இருந்திருந்தால் அவளுடைய மூக்கைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ நாலு வார்த்தை சொல்லலாம், சாந்தமலர் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடிக்கலாம், அழலாம், அவர் காலில் விழலாம், இவள் மன்னிக்கலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஆள் ஒன்று என்று இருந்தால் ஆரோடு போய்ப் பிடிக்கிறது? இவளைவிட வடிவானவளிடம் போகவில்லை. இவள் இல்லாத இடத்துக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான். இன்றைக்கு வராமலே விடட்டும், அந்தப் பில் பொய்யாகட்டும், அப்புக்காத்தர் இருமி இருமி இவரை மறித்து வைக்கட்டும் என்று, எந்தத் தெய்வம் இதற்குப் பொறுப்பு என்று தெரியாமல், பொதுவாக வேண்டினாள்.

ஒரு மணி பத்துக்குக் குணசீலன் வந்தார். நீலச் சேட்டு, அவள் காலையில் ஸ்திரிக்கை போட்டது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தவர், சாப்பாட்டுப் பெட்டியை மேலே தூக்கிக்காட்டி ஏதோ சொன்னார், குசினிக்குள்ளிருந்து என்சாவின் புருசன் பதிலுக்குக் கத்தினான், கடையே சிரித்தது. இந்தக் குரல். வதனி இந்தக் குரலைக் கேட்டதில்லை. வீட்டில் அவர் பேசுவது பக்கத்துச் சுவருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தமாதிரி இருக்கும். இங்கே கை போகிறது, தோள் போகிறது, சிசிலிக்காரனைப்போல விரல்களைக் கூட்டிப் பிடித்து ஆட்டுகிறார், வாயைத் திறந்து, பின்பல் தெரிய. அவருக்குப் பின்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதை நாலு வருசத்தில் இப்போதுதான் பார்த்தாள். தள்ளுவண்டிலைச் சட்டென்று தன்பக்கம் இழுத்தாள், பிள்ளை எழும்பி அப்பா என்று கத்தினால் எல்லாம் போச்சு, என்ன போச்சு, எது இனிப் போக இருக்கு, என்றாலும் கை தன்பாட்டில் இழுத்தது. ஆரபி எழும்பவில்லை. வீட்டில் கதவுக்கு வெளியே அவர் திறப்பு எடுக்கிற சத்தத்துக்கே துள்ளி எழும்புகிற பிள்ளை, இந்தச் சிரிப்புக்கு இமைகூட அசைக்கவில்லை. பிள்ளைக்குப் பழக்கமில்லாத சத்தம். யன்னலடியில் அவர் குந்தினார், கடலுக்கு முகமும் இவளுக்கு ஒரு பக்கக் கன்னமும் காட்டி. பாஸ்தாக் கோப்பை வந்தது. அவன் சாப்பிடத் தொடங்கினான். அவர். அவர் சாப்பிடத் தொடங்கினார். முதல் வாயை எடுத்துவிட்டு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார், கடலைப் பார்த்தார், பிறகு இரண்டாவது வாய். இடையில் ஒன்றுமில்லை, போன் இல்லை, அவசரம் இல்லை. சாப்பாட்டை இப்படி மதிக்கத் தெரிந்த மனிசன். பாணைப் பிய்த்து ஓரத்து எண்ணெயைத் துடைத்துச் சின்னப்பிள்ளைபோல விரலையும் நக்கினார். வதனி போனை எடுத்து அவருடைய நம்பரை அழுத்தினாள். எடுப்பார் என்று ஒரு மனம், எடுக்கக்கூடாது என்று ஒரு மனம். எடுத்து, நான் வெளியில நிக்கிறன், ஒரு விசயம் சொல்லவேணும் வதனி என்று சொன்னால் போதும், எல்லாவற்றையும் இந்த ஐஸ்பெட்டிக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போய் முன்னால் குந்துவாள், இரண்டு யூரோ போனால் போகட்டும். அங்கே மேசையில் போன் நடுங்கியது. அவர் எட்டிப் பார்த்தார். படத்தோடு வரும், ஆரபியை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் நிற்கிற படம். பாண் பிய்த்த கையால் போனைக் குப்புறக் கவிழ்த்தார். தண்ணீர் கொண்டுவந்த என்சா, “ஆர், ஜீனோ? எடன்” என்றாள். “ஒருத்தரும் இல்லை” என்றார் அவர்.

நல்லது. சொன்னவர்தான். கேள்வி முடிந்தது. அவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருந்த ஊசி நின்றுவிட, தலைக்குள் ஒரு அமைதி வந்தது, அந்த அமைதிக்குள் அவளுடைய கோப்பையும் வந்தது. பசிக்கவில்லை என்று நினைத்தாள். காசு கொடுக்கப்போகிறோம், சாப்பிடாமல் விட்டால் அதுவும் நட்டம் என்று உடனே நினைத்தாள், அவள் அப்படித்தான், வயிற்றில் இடி விழுந்தாலும் கோப்பையை மிச்சம் வைக்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு கொடுத்த ரீச்சர் பழக்கியது. சாளையை முள் எடுத்து மசித்திருந்தார்கள். பெருஞ்சீரகத்தின் பச்சை இலை. வறுத்த பாண்தூள், இந்த ஊரில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் முந்தித் தூவியதாம். கொஞ்சம் குங்குமப்பூ. பிறகு நாக்கில் மெத்தென்று ஏதோ ஒன்று, இனிப்பாக, கடித்ததும் வெடித்தது. முள்ளுக்கரண்டியால் கிளறிப் பார்த்தாள். முந்திரிகை வத்தல். மீனுக்குள்ளே முந்திரிகை வத்தல். அவள் அப்படியே யன்னலடியைப் பார்த்தாள், அவருடைய கோப்பை வெறுமையாக மின்னியது, ஓரத்தில் ஒன்றும் ஒதுக்கி வைக்கவில்லை. இது ருசியில்லாமல் இருந்திருக்கலாம். உப்புக் கூடி, மீன் நாறி, இதுக்கோ இவ்வளவும் என்று எறிந்துவிட்டுப் போகிறமாதிரி இருந்திருக்கலாம். ஆனால் ருசி. நாக்கு வெட்கமில்லாமல் அடுத்த வாயைக் கேட்டது. அவளுடைய சமையல் மூளை அந்த நேரத்திலும் நின்று யோசித்தது, வத்தலை முதலில் ஊறப்போட்டிருக்கிறார்கள், வெங்காயத்தைச் சிவக்கவிடாமல் வதக்கியிருக்கிறார்கள், மீனைக் கடைசியாகப் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு ருசியான ஒன்று நாற்பது நிமிச பஸ் தூரத்தில் இரண்டு வருசமாக இருந்திருக்கிறது, ஒரு வியாழக்கிழமை ஒரேயொரு வாயைக் கடுதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, இஞ்ச, இதைச் சாப்பிட்டுப் பார் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அப்போதுதான் கண் கலங்கியது. கடுதாசித் துண்டால் மூக்கைத் துடைத்தாள். கோப்பையை முடித்தாள். பாணால் துடைத்தும் சாப்பிட்டாள்.

அவர் குசினி வாசலுக்குப் போய் என்சாவின் புருசனோடு கதைத்துக்கொண்டு நின்ற நேரம், வதனி தள்ளுவண்டிலைத் திருப்பிக்கொண்டு மற்றப் பக்கத்தில் என்சா நின்ற காசு மேசைக்குப் போனாள். பதினொன்றரை யூரோ. மிச்சம் எட்டரைக்குச் சப்பாத்து வராது, வரட்டும் அடுத்த மாதம். பக்கத்துச் சின்னக் கதவால் வெளியே போனால் பஸ் தரிப்பு, ஐந்து நிமிச நடை, இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர் வந்து, கிழவர் இண்டைக்குச் சரியான கரைச்சல் என்பார், அவள் தேத்தண்ணி கொடுப்பாள். கொடுப்பாளா? குசினிப் பக்கமிருந்து மறுபடி அந்தச் சிரிப்பு வந்தது. போகத் திருப்பிய வண்டில் நின்றது. “சிஞ்ஞோரா,” என்றாள், “அடுத்த வியாழனுக்கு எனக்கு அந்த யன்னலடி மேசை வேணும். பன்னிரண்டரைக்கு.” என்சா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுப் பார்த்தாள். “வியாழனோ? அது ஜீனோ வாறதெல்லோ.” “அவர் சொல்லி வைச்சவரோ?” என்சா யோசித்து உதட்டைப் பிதுக்கினாள். “அவன் ஒருநாளும் சொல்லிவைக்கிறதில்லை. வந்து குந்துவான், அவ்வளவுதான்.” “அப்ப நான் சொல்லி வைக்கிறன்.” மனிசி ஒரு நிமிசம் வதனியின் முகத்தையும் தள்ளுவண்டிலையும் பார்த்தாள், பிறகு, முதலில் சொன்னவளுக்குத்தான் மேசை, கடைச் சட்டம் அது என்று தனக்கே சொல்லிக்கொண்டமாதிரித் தோளைக் குலுக்கி, லாச்சியிலிருந்து ஒரு மடித்த அட்டையை எடுத்தாள், மேசையில் நிறுத்திவைக்கிற அட்டை. “பேர்?” வதனி குணசீலன் என்று அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள், என்சா நாக்கை வாயோரம் வெளியே விட்டு எழுதினாள், குணசீலன் என்ற இடத்தில் இரண்டுதரம் வெட்டித் திருத்தினாள், இது என்ன நீளப் பேரம்மா என்றாள், ஜீனோ என்றே அறிந்தவளுக்கு அந்தப் பேர் பிடிபடவில்லை. “எத்தனை பேர்?” வதனி குசினி வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ரண்டு பேர்,” என்றாள். “ஒராளுக்கு உயரக் கதிரை வேணும்.” பிறகு அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இது வெட்டுக்கொத்தாக் கிடக்கு, வேற அட்டையில எழுதுங்கோ. நல்ல பெரிசா. கதவடியில நிண்டே வாசிக்கக்கூடியமாதிரி.”